சொல்லிவிட்டுப் போகிற வழக்கம்

நான்கு பெண் எம்.பி.க்கள் ஒரே மதியத்தில் என் வீட்டில் சாப்பிட்டார்கள். குன்றத்தூரில் கோயில் மலைக்குப் பின்புறம், எதிரெதிரே இரண்டு பைக் வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றே ஆகவேண்டிய தெரு எங்களுடையது. அன்று தெருமுனையில் போலீஸ் ஜீப் நின்றது. பக்கத்து வீட்டம்மாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் பாவனையில் ஒரே துண்டை வெகுநேரம் உதறிக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்கமாட்டாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டார்: "இன்னா டீச்சர், ரெய்டா?"

விருந்து என்றேன். அவர் நம்பவில்லை.

அவர்களை அழைத்து வந்தவள் என் தோழி. மாநிலங்களவை உறுப்பினர். நாங்கள் பழகியது பேருந்தில். நான் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், தினமும் அதே பேருந்தில் தொழிலாளர் வழக்குக் கட்டுகளோடு ஓர் இளம் வக்கீல் ஏறுவாள். இடம் கிடைத்தால் என் பக்கத்தில் உட்காருவாள். ஒருநாள் நான் வாசித்துக்கொண்டிருந்த நாவலின் பக்கத்தைத் திருப்பப் போனபோது என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "திருப்பாதீங்கக்கா, நான் இன்னும் கீழ வரல" என்றாள். அதுவரை அவள் என் தோளுக்கு மேலாக வாசித்து வருகிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அந்த நாவலை இருவரும் சேர்ந்தே முடித்தோம். பிறகு வேறு பல நாவல்களையும்.

பிள்ளைப்பாக்கத்தில் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் அவளுடையது. அந்த நிலங்கள் தொழிற்பேட்டைக்குப் போனபோது உடைமைக்காரர்களுக்கு விலை கிடைத்தது. அவள் வீட்டாருக்கு வேலை போனதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. சட்டம் படிக்க வைத்த கோபம் எங்கிருந்து வந்தது என்று அவளை நான் கேட்டதே இல்லை, கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. ஒரகடம் சாலையின் இருபுறமும் ஆலைகள் முளைத்த ஆண்டுகளில், வேலையிழந்தவர்களுக்காக அவள் நீதிமன்றப் படியேறாத வாரம் இல்லை. அதைப் பார்த்துத்தான் கட்சி அவளை அழைத்தது. மாநிலங்களவைக்கு அவள் பெயர் அறிவிக்கப்பட்ட அன்று என் வீட்டுக்கு வந்து, என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அந்த இடம் மக்கள் நேராகப் போடும் ஓட்டில் கிடைப்பதன்று. கட்சித் தலைமை கைகாட்ட, சட்டமன்றத்தார் தேர்ந்து அனுப்புவது. கொடுத்த கை எடுத்துக்கொள்ளவும் செய்யும் என்பதை அன்று நாங்கள் இருவருமே நினைக்கவில்லை.

தில்லியில் அவளுக்கு மூன்று தோழிகள் வாய்த்தார்கள். ஒருவர் கிழக்கே, மலைக்காடுகள் நிறைந்த மாநிலத்துப் பழங்குடிப் பெண். அங்கன்வாடி ஊழியராக இருந்து அவைக்கு வந்தவர். இன்னொருவர் வடக்கு நகரம் ஒன்றின் முஸ்லிம் வழக்கறிஞர். மூன்றாமவர் வடகிழக்கிலிருந்து வந்த முன்னாள் செவிலியர். நால்வரும் நான்கு கட்சி. ஆனாலும் நாடாளுமன்ற உணவகத்தில் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள் என்று தோழி பெருமையாகச் சொல்வாள். ஒருத்தி கொண்டுவரும் ஊறுகாயை மற்ற மூன்று மாநிலங்கள் காலி செய்யும் என்பாள்.

அவர்கள் இங்கே வந்தது விருந்துக்காக அல்ல. ஒரு பேருந்தைப் பற்றி விசாரிக்க வந்தார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஞாயிறுதோறும் என் வீட்டில் வாசிப்பு உண்டு. பிள்ளைப்பாக்கம் பக்கத்து ஹாஸ்டல் ஒன்றிலிருந்து, மின்னணுப் பொருள் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் பெண்கள் சிலர் வருவார்கள். வருவது அத்தனை எளிதன்று. விடுமுறை நாளில் ஹாஸ்டல் வாசலைத் தாண்ட வேண்டுமானால், வார்டன் அந்தப் பெண்ணின் தந்தைக்கு ஃபோன் செய்து அனுமதி வாங்குவார். இருபத்துமூன்று வயதுப் பெண், மாதம் முழுவதும் இரவும் பகலும் உழைத்துச் சம்பாதிப்பவள், சோப்பு வாங்கக் கடைக்குப் போக எங்கோ தொலைவில் வயலில் நிற்கும் தந்தை ஃபோனை எடுத்தாக வேண்டும். அவர் எடுக்காவிட்டால் அந்த ஞாயிறு போயிற்று.

வந்தவர்களில் துடுக்கானவள் நெல்லைப் பக்கத்துப் பெண். நான் அவளுக்கு எதையும் கற்பித்தேன் என்று சொல்ல மாட்டேன். கதையின் பாதியிலேயே, "இந்தப் பய திருந்த மாட்டான் டீச்சர், முடிவச் சொல்லிருங்க" என்று புத்தகத்தை மூட வைத்துவிடுவாள். அவளோடு எப்போதும் வருபவள் அவளுடைய அறைத்தோழி. அங்கன்வாடி ஊழியராக இருந்த அந்த மலைநாட்டு உறுப்பினரின் மாநிலத்திலிருந்தே வேலைக்கு வந்தவள். தமிழை முழுக்க நெல்லைப் பெண்ணிடமிருந்தே கற்றதால், ஆயிரம் மைல் தள்ளிப் பிறந்த அந்தப் பெண் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவளைப் போலப் பேசுவாள். பேருந்து நடத்துநர்கள் அவளைத் திரும்பத் திரும்பப் பேச வைத்துச் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிறு, வாசிப்பை எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று சொல்லாமல் நான் எழுந்துவிட்டேன். நெல்லைப் பெண் கண்டித்தாள். ஆலை லைனில் அப்படிச் செய்தால் நடப்பதே வேறு என்றாள். ஷிஃப்ட் மாறும்போது, போகிறவள் வருகிறவளிடம் தன் இயந்திரத்தின் நிலையைச் சொல்லாமல் இடத்தைவிட்டு நகரக் கூடாதாம். எது மக்கர் செய்கிறது, எதைத் தொட்டால் சுடும், எந்தப் பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும் என்று. சூப்பர்வைசர் விதித்தது அல்ல, அவர்களே வைத்துக்கொண்டது. எதிரிகளாக இருந்தாலும், முதல்நாள் குளியலறை வாளிக்காகச் சண்டை போட்டிருந்தாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டாவது சொல்லிவிட்டுத்தான் போவார்களாம். "சொல்லாமப் போனா அடுத்தவ கைதான் போவும்" என்றாள்.

தந்தைக்கு ஃபோன் செய்யும் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பலமுறை கேட்டுப் பயனில்லாமல், ஒரு காலை அவர்கள் ஒன்று செய்தார்கள். கம்பெனி பஸ் ஆலை வாசலில் போய் நின்றபோது யாரும் இறங்கவில்லை. கோஷம் இல்லை, கொடி இல்லை. கழுத்தில் அடையாள அட்டையோடு, மடியில் சாப்பாட்டுப் பையோடு, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார். வெயில் ஏறியது. அதிகாரிகள் ஒவ்வொருவராக ஏறி வந்து கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டியும் பார்த்தார்கள். முதல் இருக்கையில் நெல்லைப் பெண் இருந்தாள். ஷிஃப்ட் முடியும் நேரம்வரை இருந்துவிட்டு, அதே பேருந்தில் ஹாஸ்டலுக்குத் திரும்பினார்கள். மறுநாள் முதல் அந்தப் பேருந்தில் இருந்த எவருக்கும் வேலை இல்லை என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் எப்படியோ வேறு ஆலைகளைத் தேடினார்கள். நெல்லைப் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. யாரோ எடுத்த காணொளியால், முதல் இருக்கையில் இருந்த முகம் எல்லோருடைய ஃபோனிலும் இருந்தது. எந்த ஒப்பந்தக்காரரும் அவளைச் சேர்க்கத் துணியவில்லை. சேமிப்பிலிருந்து வாடகை கட்டி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வேலை இல்லையென்றால் அங்கே எதற்கு இருக்கிறாய், மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்று தந்தை அழைத்தபடி இருந்தார். அந்த வேலை திரும்பக் கிடைத்தால் இங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஊர், மாப்பிள்ளை, முற்றிலும் வேறொரு வாழ்க்கை. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடியும்வரை பொறுக்கும்படி தந்தையிடம் தவணை வாங்கியிருந்தாள். கூட்டத்தொடருக்கும் அவளுடைய கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டாராம். "எம்.பி.யே பேசப் போறாவப்பா" என்றாளாம்.

அவளுக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தவள் என் தோழி.

நால்வரும் அன்று காலை முதலில் ஹாஸ்டலுக்குத்தான் போனார்கள்; நானும் கூடப் போனேன். அடுக்குக் கட்டில்கள் நெருக்கிய அறையில் கீழ்க்கட்டில்களில் உட்கார்ந்தார்கள். வழக்கறிஞர், தந்தையின் அனுமதி கேட்கச் சொல்வது எந்தச் சட்டம் என்று வார்டனிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார். வார்டன் உள்ளூர்க்காரர், பாவம். நான் மொழிபெயர்த்ததும், "மேல சொல்றத செய்றேம்மா. ஒரு பொண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா என்னயத்தான புடிப்பாங்க?" என்றார். செவிலியராக இருந்தவர் ஜன்னல்களின் அகலத்தைப் பார்த்தார். மலைநாட்டு உறுப்பினர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அறைத்தோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர்கள் மொழியில் மெதுவாக ஏதோ பேசினார். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். எந்த ஊர் என்று கேட்டாராம், அந்த ஊரில் பலாமரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம்.

என் தோழி நெல்லைப் பெண்ணின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இந்தக் கூட்டத்தொடர்ல நானே எழுந்து பேசறேன். உங்க பஸ்ஸப் பத்தி, இந்த ஃபோனப் பத்தி, உன் வேலையப் பத்தி. ஒருத்தன் விடாம எல்லார் காதுலயும் உழும்."

"சொல்லிட்டு மறந்துர மாட்டீயளே?"

"மறந்தா இந்த அக்கா வூட்ல எனக்குச் சோறு கெடையாது, போதுமா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது அந்த இரண்டு பெண்களையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். அன்று மட்டும் எந்தத் தந்தைக்கும் ஃபோன் போகவில்லை.

என் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இலை போட்டேன். மலைநாட்டு உறுப்பினர் சாப்பிட்ட இலையைத் தாமே எடுத்துப் போட்டுவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வழக்கறிஞர் என் அலமாரியை மேய்ந்து, கடன் கேட்காமல் ஒரு நாவலைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இன்றுவரை திரும்பி வரவில்லை. அப்போதுதான் தோழி தங்களுக்குள் ஓர் ஒப்பந்தத்தைச் சொன்னாள். நால்வருக்கும் கட்சிக் கட்டுப்பாடு உண்டு, நாக்கைக் கட்டிப்போடும் நாள்கள் உண்டு. அப்படி ஒருத்தியால் பேச முடியாமல் போனால், அந்த விஷயத்தை மற்றவளிடம் ஒப்படைக்க வேண்டும். அவள் தன் நேரத்தில் பேச வேண்டும். நான் மற்ற மூவருக்காக ஆங்கிலத்தில் சொன்னதும் மூவரும் தலையசைத்தார்கள்.

நெல்லைப் பெண் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "இது எங்க லைன் பழக்கம்லா. உங்களுக்கு யாரு சொல்லித் தந்தா?"

அந்த மதியத்தை நான் இன்றும் நேசிக்கிறேன். பின்னால் நடந்ததைக் கொண்டு அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. வாழைப்பூ வடை மிஞ்சவில்லை. தில்லியைப் பற்றிய பேச்சு முழுவதும் கேலியாகவே இருந்தது. மைக்கை அணைத்துவிட்டால் உறுப்பினர்கள் மீன்தொட்டியில் இருப்பதுபோல் வாயைத் திறந்து மூடுவார்கள் என்று தோழி நடித்துக் காட்டினாள். நாட்டின் மிகப் பெரிய சபையில் இந்த நான்கு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தி எனக்குப் பக்கத்து இருக்கைக்காரி என்று எண்ணி எண்ணி மகிழ்ந்தேன்.

கூட்டத்தொடர் தொடங்கியது. ஒருநாள் மாலை தோழியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: நாளைக்குப் பேசுகிறேன், எல்லாரையும் உட்கார வையுங்கள். உட்கார வைத்தேன். வேலை இழந்தவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். வேறு ஆலையில் சேர்ந்திருந்த இருவர் ஷிஃப்ட்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார்கள். சுண்டல் வேகவைத்தேன். தொலைக்காட்சியை அலமாரிப் பக்கம் நகர்த்தி எல்லோரும் பார்க்கும்படி வைத்தோம். நெல்லைப் பெண் முதல் வரிசையில், அன்று பேருந்தில் உட்கார்ந்ததுபோல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

தோழி எழுந்தாள். தமிழில் பேசினாள். அவள் குரலைத் திரையில் கேட்டதும் ஒரு பெண் கைதட்ட, மற்றவர்கள் அடக்கினார்கள். பெண்கள் இந்த அவைக்குள் எத்தனை வேறுபட்ட வீடுகளிலிருந்து வந்திருக்கிறோம் என்று தொடங்கினாள். வயலிலிருந்து, மலையிலிருந்து, மருத்துவமனை வார்டிலிருந்து. அழகாகவே இருந்தது. பிறகு எங்கள் பகுதிக்கு வந்தாள். ஒரகடம் சாலையில் ஆயிரமாயிரம் பெண்கள் இரவும் பகலும் உழைக்கிறார்கள், நாட்டுக்கே முன்மாதிரி என்றாள். அவர்களை நம்பி வேலை கொடுத்த நிறுவனங்களைப் பாராட்டினாள். பெற்றோர் கவலையின்றித் தம் பெண்களை அனுப்பும்படி பாதுகாப்பான விடுதிகள் அங்கே இருக்கின்றன என்றாள். மேசைகள் தட்டப்பட்டன. நன்றி சொல்லி உட்கார்ந்தாள்.

பேருந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கேமரா சற்றே விலகியபோது, அவளுக்குப் பின்வரிசையில் மலைநாட்டு உறுப்பினர் தெரிந்தார். எல்லோரும் மேசையைத் தட்ட, அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என் தோழியின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அதற்கு நான் பொருள் தேடவில்லை.

என் கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது, மறுபடி எழுவாள் என்பதுபோல் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். வேறு யாரோ வேறு எதையோ பேசத் தொடங்கினார். நெல்லைப் பெண்தான் முதலில் சிரித்தாள்.

"நம்மளப் பத்தித்தாம்ட்டி பேசிருக்காவ. நாம பாதுகாப்பா இருக்கோமாம்."

விடுப்புச் சொல்லி வந்த இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். சுண்டல் அப்படியே இருந்தது. எல்லோரும் போன பிறகு நெல்லைப் பெண் அடுக்களையில் எனக்குப் பாத்திரம் கழுவிக் கொடுத்தாள். திரும்பாமல் சொன்னாள்: "பேசலைங்கறது கூடப் பெரிசில்ல டீச்சர். அவியளுக்கும் மேல சூப்பர்வைசர் இருக்கும். ஆனா பேசப் போறதில்லன்னு எழுந்திரிக்கும்போதே தெரியும்லா? தெரிஞ்சிக்கிட்டு நம்மள எதுக்குக் கூடி உக்கார வச்சாவ? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

 தோழியை அழைத்தேன், எடுக்கவில்லை. வந்து பேசுகிறேன் அக்கா என்று மட்டும் செய்தி வந்தது.

மறுநாள் மாலை அறைத்தோழி தனியாக ஓடிவந்தாள். ஊரிலிருந்து அவளுக்கு ஒரு காணொளி வந்திருந்தது. அன்று காலை அவையில் மலைநாட்டு உறுப்பினர் பேசியது. ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, நிறுத்தி நிறுத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்: "தெக்கே ஒரு ஊர்ல பிள்ளேளு பஸ்ஸ விட்டு எறங்கலங்காவ. கல்லு எறியல, சத்தம் போடல. வயசுக்கு வந்த பிள்ள கடைக்குப் போக அய்யாட்ட கேக்கணுமான்னு கேட்டாவ, அதுக்கு வேலைய எடுத்துட்டாவன்னு சொல்லுதாவ. எங்க மலையிலேந்து போன பிள்ளையும் அந்த பஸ்ல இருந்துச்சுன்னு சொல்லுதாவ டீச்சர். என்னையத்தான்." அதற்குள் நேரம் முடிந்து மைக் அணைந்துவிட்டது. அவருடைய உதடுகள் மட்டும் நெடுநேரம் அசைந்தன. தோழி நடித்துக் காட்டிய அதே மீன்தொட்டி.

அடுத்த ஞாயிறு தோழி வந்தாள். வாசிப்புக்கு நெல்லைப் பெண்ணும் அறைத்தோழியும் வந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள். அந்த மரியாதையே எனக்குக் கூசியது. தோழி யாரையும் நேரே பார்க்காமல் பாயில் உட்கார்ந்தாள். கட்சி வாயைக் கட்டிவிட்டது என்றாள். புதிய ஆலை ஒன்றுக்குப் பேச்சு நடக்கிறது, இந்த நேரத்தில் எங்கள் பகுதியைப் பற்றிக் குறையாக ஒன்றும் வரக் கூடாது என்று தலைமை சொல்லிவிட்டதாம். அவளுடைய பதவிக்காலமும் முடியப் போகிறது. பிறகு நிமிர்ந்தாள்.

"அதான் எங்க ஒப்பந்தம் இருக்கே. நான் அவங்ககிட்ட குடுத்துட்டேன். அவங்க பேசினாங்க இல்ல?"

நெல்லைப் பெண்ணின் முகம் திறந்த விதத்தை நான் மறக்க முடியாது. பல நாள்கள் மூடிக்கிடந்த கடையின் ஷட்டரை யாரோ மேலே தூக்கினாற்போல் இருந்தது. அப்படியென்றால் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வருகிறவளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நகர்ந்திருக்கிறார்கள். "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல மேடம், நாங்க உங்களத் தப்பா நெனச்சிட்டோம்" என்றாள். தோழி அவள் தலையைத் தடவினாள். அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நானும் மனமார்ந்து பரிமாறினேன்.

நன்றி சொல்வதற்காகவே சில நாள் கழித்து மலைநாட்டு உறுப்பினரை அழைத்தேன். அவருடைய ஆங்கிலம் ஆற்றில் கல் விட்டுக் கல் தாண்டுவதுபோல் நின்று நின்று வரும். உங்கள் ஒப்பந்தத்தைக் காப்பாற்றினீர்கள், என் தோழி ஒப்படைத்ததை நீங்கள் பேசினீர்கள் என்றேன்.  

உங்கள் தோழி என்னிடம் எதையும் ஒப்படைக்கவில்லை என்றார்.

பிறகு, சொல்வதா வேண்டாமா என்று தயங்கியவர்போல் மீதியைச் சொன்னார். என் தோழி பேசுவதற்கு முதல்நாள் மாலை அவருடைய அறைக்குப் போயிருக்கிறாள். கைகளைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கூட்டத்தொடரில் அந்தப் பேருந்தைப் பற்றி நீங்களும் பேசாதீர்கள், சகோதரியாகக் கேட்கிறேன் என்றிருக்கிறாள். இவரும் சரி என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் அவையில், பாதுகாப்பான விடுதிகள் என்ற சொற்கள் காதுக்கருவியில் மொழிபெயர்ந்து வந்ததும், அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுத பெண் நினைவுக்கு வந்தாளாம். அதற்கு மேல் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை என்றார். உங்கள் தோழி கெட்டவர் அல்லர், பயந்திருக்கிறார் என்றும் சொன்னார். அந்தப் பெண்கள் சாப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்தார்.

எனக்குக் குறுஞ்செய்தி வந்ததும் அதே மாலைதான். ஒரு கையால் எனக்கு எல்லாரையும் உட்கார வையுங்கள் என்று எழுதியவள், அதே மாலை இன்னொருவரின் வாயைப் பொத்தப் போயிருக்கிறாள். எதை முதலில் செய்தாள் என்று பல நாள் யோசித்தேன். எழுதும்போது பேசும் எண்ணம் உண்மையாகவே இருந்து, அதன்பின் கட்சியிலிருந்து ஃபோன் வந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நம்ப இப்போதும் எனக்கு ஆசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாயில் உட்கார்ந்து சொன்ன சொல்லுக்கு அப்படி ஒரு சாக்கு எனக்குக் கிடைக்கவில்லை. அந்தச் சொல்லை அவள் நிதானமாக, சோற்றுக்கு முன்னால், அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

நெல்லைப் பெண்ணிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஊருக்குப் போகிறவள் நல்ல நினைவோடு போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. மறைத்தால் நானும் சொல்லாமல் இடத்தைவிட்டு நகர்ந்தவள் ஆவேன் என்பதுதான் என்னைத் தடுத்தது. அடுத்த ஞாயிறு புத்தகத்தைத் திறக்குமுன் இருவரிடமும் சொன்னேன்.

அறைத்தோழி தன் மொழியில் என்னவோ முனகினாள்.  நெல்லைப் பெண் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குத் திட்டத் தெரியும். கடைசியில் மிகச் சிறிய குரலில் சொன்னாள்:

"நான் நன்றி சொல்லிட்டேனே டீச்சர்."

தோழி வந்துபோன அந்த ஞாயிறே, ஹாஸ்டலுக்குப் போனதும் அவளுக்குக் குரல்செய்தி அனுப்பினாளாம். தப்பாக நினைத்ததற்கு மன்னிப்பும், ஒப்படைத்துவிட்டுப் போனதற்கு நன்றியும். எங்கள் அப்பாவும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார் என்றும் சேர்த்திருக்கிறாள். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்திருக்கிறது. ஃபோனை எடுத்து அதை எனக்குக் காட்டினாள். அந்தச் சின்னக் கைகளை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தொடர் முடிந்தது. வேலை திரும்பவில்லை. ஒன்று மட்டும் நடந்தது: தில்லியில் அந்தப் பேச்சு எழுந்த பிறகு யார் யாரைக் கேட்டார்களோ, அந்த ஹாஸ்டலில் தந்தைக்கு ஃபோன் செய்வது ஓசையில்லாமல் நின்றுபோனது. புதிதாக வந்த பெண்கள் சோப்பு வாங்கத் தாமாகவே கடைக்குப் போனார்கள். அது ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

தந்தை கொடுத்த தவணை தீர்ந்து நெல்லைப் பெண் கிளம்பினாள். கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிக்க, அவளையும் அறைத்தோழியையும் காரில் ஏற்றிக்கொண்டு நான் மணிமங்கலம் வழியாகப் போய்ப் படப்பைச் சாலையைப் பிடித்தேன். திருப்பத்தில் பெரிய பதாகை ஒன்று நின்றது. உழைக்கும் மகளிருக்கு விடுதிச் சுதந்திரம் பெற்றுத் தந்த எங்கள் சகோதரியே என்று போட்டு, கும்பிட்ட கைகளோடு என் தோழியின் படம். பதவிக்கு மறுபடியும் அவள் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. சிக்னலில் வண்டி நின்றதால், பார்க்காமல் கடக்க வழியில்லை.

நெல்லைப் பெண் முழுவதையும் வாசித்தாள். "படம் நல்லா விழுந்திருக்கு" என்றாள்.  கிளாம்பாக்கத்தில் பஸ்ஸில் ஏறி, வேண்டுமென்றேதானோ என்னவோ, முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். கிளம்புமுன் அறைத்தோழியை ஜன்னலோரம் அழைத்து வெகுநேரம் ஏதோ சொன்னாள். எனக்குக் கையை மட்டும் ஆட்டினாள்.

தோழிக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. பத்திரிகையில் பார்த்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு அறைத்தோழி மட்டும் வந்தாள். ஒரகடத்தில் வேறொரு ஆலையில் சேர்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து என் மூக்குக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். நான் இன்னும் தேடவே தொடங்கவில்லை.

"அவ சொல்லிட்டுத்தான் போயிருக்கா டீச்சர்" என்றாள். கண்ணாடி அங்கேதான் இருக்கும். குழாயை இடப்பக்கம் திருகினால்தான் நிற்கும். கதையில் யாராவது சாகப் போகிறார்கள் என்றால் டீச்சர் அந்தப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போவார், அவசரப்படுத்தாதே. ஒவ்வொன்றாக, ஷிஃப்ட் ஏற்பவளின் கவனத்தோடு ஒப்பித்தாள். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

மேசையில் என் ஃபோன் அடித்தது. தோழியின் பெயர். நெல்லைப் பெண் இங்கே இருந்த நாள்களிலிருந்தே வரும் அழைப்பு அது. அறைத்தோழியும் பெயரைப் பார்த்தாள். பார்வையை எடுத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று பாக்கி இருந்ததுபோல் சொன்னாள்:

"அந்த ஃபோன் வந்தா, டீச்சர் எடுக்கவும் மாட்டாவ, அணைக்கவும் மாட்டாவ. நீ ஒண்ணும் சொல்லாதட்டி, அது அடிச்சி ஓயட்டும்னு சொன்னா."

அடித்து ஓய்ந்தது. போன ஞாயிறு விட்ட இடத்தை நான் தேடினேன். அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டினாள்.